சோப்புக் கழிவில் பிறந்த கிளிசரின்

ராகி அறுவடை நெருங்கும் மாதங்களில் ஓசூர் பக்கத்துச் சானமாவுக் காட்டுக்கு யானைக் கூட்டம் வந்துசேரும். கர்நாடகக் காடுகளிலிருந்து எல்லை தாண்டி வரும் அந்தக் கூட்டம் இங்கே தங்கியிருக்கும் அதே பனிக்காலத்தில்தான் இந்தப் பக்கத்து மனிதர்களின் தோலும் காய்கிறது. ஓசூர் வட்டாரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுநிலம். விடியலில் குளிர், பகலில் சுள்ளென்ற வெயில், ஈரமில்லாத காற்று. ரோஜாப் பாலிஹவுஸில் பூ வெட்டுகிறவர்கள், தக்காளித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர்கள், சிப்காட்டுக்கு ஷிப்ட் வண்டி ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் முழங்கை சொரசொரக்கிறது, கெண்டைக்காலில் நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழுகிறது, குதிகால் வெடிக்கிறது. இருபது வயதில் ஒரு கை தேங்காய் எண்ணெயோடு சரியாகிவிடும் தொல்லை, ஐம்பதைத் தாண்டியபின் அவ்வளவு சுலபத்தில் போவதில்லை.

அந்த வயதுக்காரர்களுக்கென்றே கடையில் அழகழகான டப்பாக்கள் அடுக்கியிருக்கிறார்கள். விலையைப் பார்த்தால் இரண்டு நாள் கூலி, மூன்று நாள் கூலி. எடுத்துத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் படியுங்கள். அளவு அதிகமுள்ள பொருளை முதலில் போட வேண்டும் என்பது 2020இல் வந்த இந்திய அழகுசாதன விதி. முதலில் தண்ணீர் இருக்கும். அடுத்து இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ, பெரும்பாலான கிரீம்களில், கிளிசரின் இருக்கும். சினிமா நடிகர்கள் அழுவதற்குக் கண்ணில் விட்டுக்கொள்வது என்று நாம் கேள்விப்பட்டிருக்கும் அதே கிளிசரின். மெடிக்கல் ஷாப்பில் ஓட்டல் சாப்பாடு ஒன்றின் காசுக்குள் தனி பாட்டிலாகவே கிடைக்கிறது. இவ்வளவு வேலை செய்யும் ஒரு பொருள் இவ்வளவு மலிவாக இருப்பதற்கான காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது.

ஆண்டு 1779. சுவீடனில் ஷோப்பிங் என்ற சிற்றூரில் மருந்துக்கடை வைத்திருந்தவர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. குளோரினை முதலில் பிரித்தெடுத்தவர், ஆக்சிஜனைக் கண்டவர்களில் ஒருவர். புண்ணுக்குப் போடும் பிளாஸ்திரி செய்வது அன்றைய மருந்துக்கடைகளின் வாடிக்கையான வேலை. அதற்காக ஆலிவ் எண்ணெயோடு, நம் நாட்டு மருந்துக்கடையில் மிருதார்சிங்கி என்று கிடைக்கும் ஈயச் சரக்கையும் தண்ணீரையும் சேர்த்துக் கொதிக்க வைத்தார் ஷீலே. பிளாஸ்திரி தனியாகப் பிரிந்தது. மிஞ்சிய தண்ணீரை நாவில் வைத்தபோது இனித்தது. சர்க்கரையோ என்று பார்த்தால், காய்ச்சினால் சர்க்கரை போலக் கட்டிப்படவில்லை. வேறு எண்ணெய்களிலும் பன்றிக் கொழுப்பிலும் வெண்ணெயிலும் செய்து பார்த்தார். எல்லாவற்றிலும் அந்த இனிப்பு வந்தது. ஏன் வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. நச்சுப் பொருள்களோடும் புகையோடும் வாழ்ந்த அவர் 1786இல், 43 வயதில் காலமானார்.

அதே 1786இல் பிரான்சில் மிஷேல் யூஜின் ஷெவ்ரூல் பிறந்தார். ஷீலே விட்ட இடத்திலிருந்து தொடங்கியவர் அவர்தான். பன்றிக் கொழுப்பில் செய்த சோப்பை 1811இலிருந்து பிரித்துப் பிரித்துப் பார்த்து, 1823இல் ஒரு பெரிய நூலாக முடிவை வெளியிட்டார். நல்லெண்ணெயானாலும் நெய்யானாலும் ஆட்டுக் கொழுப்பானாலும் அடிப்படைக் கட்டு ஒன்றுதான்: கொழுப்பு அமிலங்கள், அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கிளிசரின். காரத்தோடு கொதிக்கும்போது அந்தப் பிடி விட்டுப்போகிறது. அமிலம் காரத்தோடு சேர்ந்து சோப்பாகிறது. கிளிசரின் தண்ணீரில் கரைந்து நின்றுவிடுகிறது. ஷீலே ருசித்த இனிப்பு அதுதான். அந்தப் பொருளுக்குப் பெயர் வைத்தவரும் ஷெவ்ரூல்தான்.

ஷெவ்ரூல் 102 வயதுவரை வாழ்ந்தார். கடைசிக் காலத்தில் முதுமை மனித உடலை என்ன செய்கிறது என்பதிலும் ஆராய்ச்சி செய்தார். 1886இல் அவருடைய நூற்றாண்டையொட்டி நாடார் என்ற புகழ்பெற்ற பாரிஸ் புகைப்படக்காரர் ஷெவ்ரூலைப் பேட்டி காண, நாடாரின் மகன் எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. முகம் முழுவதும் சுருக்கம், கண்ணில் அப்படி ஒரு விழிப்பு. வயதான தோலுக்கு உலகம் முழுவதும் பூசும் பொருளுக்குப் பெயர் சூட்டியவரின் முகம் அது.

ஆனால் அவர் காலத்துச் சோப்புக்காரர்களுக்கும் மெழுகுவர்த்திக்காரர்களுக்கும் கிளிசரின் ஒரு தொல்லை. கொதிக்கும் சோப்பில் உப்பைப் போட்டால் சோப்பு மேலே மிதக்கும். அடியில் உப்பும் காரமும் கிளிசரினும் கலந்த கழிவுநீர் தங்கும். எடுத்துக்கொண்ட எண்ணெயில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு எடைக்குக் கிளிசரின் அதில் இருந்தும், கீழே கொட்டினார்கள். 1840களில் லண்டனில் தோல் நோய்க்கு அதைப் பூசிப் பார்த்தார்கள். வறண்டு வெடித்த தோல் அடங்கியது. 1850களில் லண்டனின் பிரைஸ் மெழுகுவர்த்திக் கம்பெனி நீராவியால் வடித்துச் சுத்தமான கிளிசரினை எடுத்தது. கழிவு பாட்டிலுக்குள் வந்தது அப்போதுதான். இயற்கையில் எல்லா எண்ணெயிலும் இருக்கும் அந்தப் பொருளைத் தன்னுடையது என்று எந்தக் கம்பெனியும் கட்டிப்போட முடியவில்லை.

அது மலிவாக நம் கைக்கு வருவதற்கு முன் இன்னொரு காலம் இருந்தது. 1847இல் இத்தாலியின் தூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ கிளிசரினை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்து நைட்ரோகிளிசரின் செய்தார். அதை அடக்கி 1867இல் டைனமைட் ஆக்கினார் ஆல்பிரட் நோபல். அதன்பின் கிளிசரின் போர்ச்சரக்கு ஆகிவிட்டது. நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை 1903இல் அமைந்தது இந்தக் கதையின் தமிழ்நாட்டு அத்தியாயம். துப்பாக்கித் தோட்டாவை உந்தும் கார்டைட்டில் மூன்று சரக்குகள்: நைட்ரோகிளிசரின், வெடிபஞ்சு, கூடவே நூற்றுக்கு 5 பங்கு வாசலின். வெடித்த குதிகாலுக்கு நாம் பூசும் இரண்டு பொருள்களும் ஒரே தோட்டாவுக்குள் இருந்தன! இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க வீட்டுப் பெண்கள் சமையலில் மிஞ்சிய கொழுப்பைச் சேர்த்துக் கறிக்கடையில் கொடுத்தார்கள். அதிலிருந்து வெடிமருந்துக்கான கிளிசரினை எடுத்தார்கள்.

பிறகு அது மறுபடியும் மிஞ்சும் பொருளானது. 2000க்குப் பின் பல நாடுகள் தாவர எண்ணெயிலிருந்து டீசல் செய்யத் தொடங்கின. 100 கிலோ டீசலுக்குச் சுமார் 10 கிலோ கிளிசரின் தானாக ஒதுங்கியது. உலகச் சந்தையில் விலை விழுந்தது. மெழுகுவர்த்தி, சோப்பு, டீசல் என்று மூன்று தொழில்களும் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டபின் ஒதுக்கிய பொருள் என்பதால்தான் அது மலிவு. தோலுக்கு அது செய்யும் வேலைக்கும் இந்த விலைக்கும் சம்பந்தமே இல்லை.

அந்த வேலை என்ன என்பது நன்றாகப் புரிந்தது அண்மைக் காலத்தில்தான். உயிரணுவின் சவ்வில் தண்ணீர் போக வழிவிடும் புரதங்களைக் கண்டதற்காக 2003இல் பீட்டர் ஆக்ரே வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தக் குடும்பத்தில் அக்வாபோரின்-3 என்ற ஒரு புரதம் தோலில் இருக்கிறது. தண்ணீரோடு கிளிசரினையும் கடத்துகிறது. அது இல்லாத எலிகளைக் கலிபோர்னியாவில் ஆராய்ந்தபோது அவற்றின் தோல் வறண்டிருந்தது, மீள்தன்மை குறைந்திருந்தது, மேல்தோலில் கிளிசரின் குறைவாக இருந்தது. கிளிசரினைக் கொடுத்ததும் அந்தக் குறைகள் சரியாயின. நம் தோலில் கிளிசரின் இயல்பாகவே இருக்கிறது என்பதுதான் இதில் முக்கியம். எண்ணெய்ச் சுரப்பிகள் விடும் கொழுப்பு உடையும்போதும் அது கிடைக்கிறது. வயதாக ஆக, பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் குறிப்பாக, அந்தச் சுரப்பு குறைகிறது. கெண்டைக்காலில் அந்தச் சுரப்பிகள் முதலிலிருந்தே குறைவு. அங்கே வறட்சி முதலில் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். ஐம்பது வயதில் கிளிசரின் பூசுவது, தோலிடம் குறைந்துபோனதைத் திரும்பக் கொடுப்பதுதான்.

எப்படிப் பூசுவது என்பதில்தான் பலரும் ஏமாந்து, "கிளிசரின் எனக்கு ஒத்துக்கலை" என்று பாட்டிலை ஒதுக்கிவிடுகிறார்கள். கிளிசரின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள். காற்றில் ஈரம் இல்லாத மார்கழியில் அதை அப்படியே கெட்டியாகத் தடவினால் தோலின் அடியிலிருக்கும் ஈரத்தை மேலே இழுக்கும். பிசுபிசுப்பும் எரிச்சலும்தான் மிச்சம். ஒரு பங்கு கிளிசரினுக்கு மூன்று பங்கு கொதித்து ஆறிய தண்ணீர் போதும். குளித்து, துடைத்தும் துடைக்காமலும் இருக்கும் ஈரத் தோலில் பூச வேண்டும். அதன்மேல் மெல்லிய பூச்சாகத் தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின். உள்ளே ஈரத்தைப் பிடித்துவைக்கக் கிளிசரின், வெளியே போகாமல் தடுக்க எண்ணெய். கலந்ததை மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. தண்ணீர் சேர்ந்தால் கிருமி வளரும். இரண்டு மூன்று நாளைக்கு வேண்டியதை மட்டும் கலந்துகொள்ளலாம்.

இந்த ஊர்ப் பெண்களுக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். பாலிஹவுஸில் கழித்துப்போட்ட ரோஜா இதழ்களைக் கொண்டுவந்து வீட்டில் பன்னீர் காய்ச்சிக் கிளிசரினில் கலக்க வேண்டாம். அவை காதலர் தின ஏற்றுமதிக்கும் பூங்கொத்துக்கும் வளர்ப்பவை. பூச்சிமருந்தும் பூஞ்சைமருந்தும் அடித்த பூக்கள். முகத்துக்கு ஆகாது. கிளிசரின் வாங்கும்போதும் 'ஐ.பி.' என்ற மருந்துத் தர எழுத்து லேபிளில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1986இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் மருந்தாகக் கொடுத்த தொழிற்சாலைத் தரக் கிளிசரினில் டைஎதிலீன் கிளைகால் என்ற நஞ்சு கலந்திருந்து 14 நோயாளிகள் இறந்தார்கள். கேனிலிருந்து சில்லறையாக ஊற்றித் தருவதை வாங்கவே கூடாது என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

மலிவு என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. முகம் வெளுக்க, மங்கு மறைய என்று டாக்டர் சீட்டு இல்லாமல் கைமாறும் சிறிய டியூப்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் வாரத்தில் முகம் பளபளக்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, சிவந்து எரியும். வயதில் ஏற்கெனவே மெலிந்துவரும் தோலுக்கு அது பெரிய கெடுதல்.

கிளிசரினால் ஆகாததும் உண்டு. விழுந்த சுருக்கத்தை அது எடுக்காது. முகச் சுருக்கத்துக்கும் கரும்புள்ளிக்கும் பெரும்பங்கு காரணம் வெயில். உங்கள் மேற்கையின் உட்புறத்தையும் முன்னங்கையின் வெளிப்புறத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; இரண்டுக்கும் ஒரே வயதுதான். ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும் என்பதால், குளிர்ச்சியான ஊர் என்று ஓசூர்க்காரர்கள் வெயிலை அலட்சியம் செய்யக் கூடாது. தலையில் துண்டு, முழுக்கைச் சட்டை, முகத்துக்கு எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன். சுருக்கத்தைக் குறைக்கும் என்று ஆய்வுகளில் நிரூபணமான டிரெட்டினாயின் மருந்து, தோல் மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்தால் மட்டும்.

கூலிக்காரப் பெண்ணோ கம்பெனி ஊழியரோ, தன் உடம்புக்கென்று ஒதுக்கும் காசு எப்போதும் கொஞ்சம்தான். ஈரத்துக்கு மட்டுமே ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டால் வெயிலைத் தடுக்கவும் மருத்துவரைப் பார்க்கவும் கையில் மிஞ்சாது. ஈரத்தின் வேலையைக் கிளிசரினிடம் விடுங்கள். மிச்சப்படும் காசில் நல்ல சன்ஸ்கிரீன் ஒன்று வாங்குங்கள். ஆறாத வெடிப்பு, வளரும் மச்சம், சர்க்கரை நோயோடு குதிகால் புண் இருந்தால் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த ஒரு நாள் கூலி, எந்த டப்பாவுக்குக் கொடுக்கும் காசையும்விடத் தோலுக்கு உதவும்.