டி. ஏ. மதுரம்: கணவர் சிறையிலிருந்தபோது நாடக மேடையைக் காத்த நகைச்சுவை நடிகை

தமிழ்த் திரையுலகின் முதல் புகழ்பெற்ற நகைச்சுவை இணை கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் ஆவர். சிரிக்க வைப்பதும் பாடுவதும் ஒரே நடிகரின் பொறுப்பாக இருந்த காலத்தைச் சேர்ந்தவர் மதுரம். பின்னணிப் பாடகர்கள் பரவலாகப் புழக்கத்துக்கு வருமுன்னரே தம் சொந்தக் குரலில் பாடி நடித்துப் பெயர் பெற்றவர்.

திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த இவர், 1935ஆம் ஆண்டு வெளியான 'ரத்னாவளி' படத்தின் மூலம் திரைக்கு வந்தார். அடுத்த ஆண்டில் 'வசந்தசேனா' படத்துக்காகக் குழுவினர் புனே சென்றபோது கிருஷ்ணனுடன் அறிமுகம் ஏற்பட்டது. வழிப்பயணத்தில் குழுவினரின் சாப்பாட்டுச் செலவைத் தாராளமாக ஏற்றுக்கொண்ட கிருஷ்ணன், அதற்கான பணத்தை மதுரத்திடமே கடனாகப் பெற்றார் என்பது திரையுலகில் இன்றும் சொல்லப்படும் செய்தி. அந்த அறிமுகம் திருமணத்தில் முடிந்தது.

'அம்பிகாபதி' (1937), 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1941), 'ஹரிதாஸ்' (1944) முதலிய படங்களில் இருவரும் இணைந்து நடித்தனர். இவற்றுள் 'அலிபாபா' முழுநீள நகைச்சுவைப் படம். மற்றப் பல படங்களுக்கு, நகைச்சுவைப் பகுதியைக் கிருஷ்ணன் தம் குழுவைக் கொண்டு தனியே உருவாக்கிக் கொடுப்பது வழக்கம். கணவன் மனைவி வாக்குவாதமாக அமைந்த இக்காட்சிகளில் மதுரம் வெறும் ஒத்து ஊதும் பாத்திரம் அல்லர். அவரது எதிர்க்கேள்வி கூர்மையாக இருந்ததால்தான் கிருஷ்ணனின் பதிலுக்குக் கைதட்டல் கிடைத்தது. மூடநம்பிக்கை, தீண்டாமை, குடிப்பழக்கம் ஆகியவற்றைக் கண்டிக்கும் கருத்துகள் பிரசாரமாகத் தோன்றாமல் போனதற்கு இந்த வாய்ச்சண்டையே காரணம்.

புகழின் உச்சியில் இருந்தபோது இடி விழுந்தது. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 டிசம்பரில் கிருஷ்ணனும் நடிகர் எம். கே. தியாகராஜ பாகவதரும் கைது செய்யப்பட்டனர். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடும் தோல்வியுற, வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது.

ஒருபுறம் வழக்குச் செலவு. மறுபுறம் கணவரின் நாடகக் குழுவை நம்பியிருந்த கலைஞர்களின் பிழைப்பு. இரண்டையும் சுமக்க வேண்டியவரானார் மதுரம். நடிகர் கே. ஆர். ராமசாமி பிரிந்து சென்று தனிக்குழு அமைத்த பின்னரும், எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு என்.எஸ்.கே. நாடக சபையைக் கலையவிடாமல் நடத்தினார். அக்குழு மேடையேற்றிய 'பைத்தியக்காரன்' நாடகம் விதவை மறுமணத்தை ஆதரித்துப் பேசியது. கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் அதுவே திரைப்படமாக்கப்பட்டது, எம். ஜி. ஆரும் அதில் நடித்தார். துணை இல்லாத நகைச்சுவை நடிகை இனி எடுபடமாட்டார் என்று எண்ணியவர்களுக்கு இக்காலமே பதிலாக அமைந்தது.

பிரிவி கவுன்சிலின் உத்தரவுப்படி வழக்கு மீண்டும் விசாரிக்கப்பட்டது. வழக்கறிஞர் வி. எல். எத்திராஜ் வாதாட, 1947 ஏப்ரலில் கிருஷ்ணனும் பாகவதரும் விடுதலையாயினர். 'பைத்தியக்காரன்' அதே ஆண்டில் திரைக்கு வந்தபோது, விடுதலையான கிருஷ்ணன் தோன்றும் காட்சிகளும் அதில் சேர்க்கப்பட்டிருந்தன.

சிறைவாசத்துக்குப் பின் பாகவதரின் திரைவாழ்வு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கிருஷ்ணன்–மதுரம் இணை மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. திரும்பி வந்தவருக்கு ஓர் அமைப்பும் மேடையும் காத்திருந்ததை இதில் கணக்கிட்டாக வேண்டும். அண்ணாவின் கதை வசனத்தில் 'நல்லதம்பி' (1949), கிருஷ்ணன் இயக்கிய 'மணமகள்' (1951), 'பணம்' (1952), பின்னர் 'மதுரை வீரன்' (1956) ஆகிய படங்களில் இருவரும் நடித்தனர்.

1957 ஆகஸ்டு 30ஆம் நாள் கிருஷ்ணன் மறைந்தார். சென்னையில் அவர் பெயரால் கலைவாணர் அரங்கமும், தியாகராய நகரில் அவருக்குச் சிலையும் உள்ளன. மதுரம் 1974ஆம் ஆண்டு காலமானார்.