பெருந்தொற்றுக் காலத்தில் பொழுதுபோக்குப் பூங்காக்கள்: திறக்கலாமா, செல்லலாமா?

பெருந்தொற்று சற்றே தணியும்போது எழும் முதல் கேள்விகளுள் ஒன்று, பொழுதுபோக்குப் பூங்காக்களை மீண்டும் திறக்கலாமா என்பதாகும். இக்கேள்விக்கு அரசு விடையளிக்கிறது. ஆனால், திறக்கப்பட்ட பூங்காவுக்கு உங்கள் குடும்பம் செல்லலாமா என்பதற்கு நீங்களே விடை காண வேண்டும். இவ்விரண்டும் ஒன்றல்ல. நீண்டகால நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்பவர்களும் இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்து முடிவெடுக்க இப்பக்கம் உதவும்.

சுருக்கமாக

• பூங்கா திறக்கப்பட்டுள்ளது என்பதன் பொருள், சமூகத்தின் சராசரி அபாயம் குறைந்துள்ளது என்பதே. உங்கள் வீட்டில் உள்ள நோயாளிக்கு அபாயம் இல்லை என்பது அதன் பொருளன்று.
• திறந்தவெளிச் சவாரிகளைவிட வரிசைகள், மூடிய அரங்குகள், உணவகங்கள், பயண வாகனங்கள் ஆகியவற்றில்தான் தொற்று எளிதில் பரவுகிறது.
• நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர் வீட்டில் இருந்தால், அவரது நிலையை அளவுகோலாகக் கொண்டே குடும்பம் முழுவதும் முடிவெடுக்க வேண்டும்.

பூங்காக்களுக்கு ஏன் தனிக் கவனம்?

பல ஊர்களைச் சேர்ந்த மக்கள் ஒரே நாளில் ஓரிடத்தில் கூடி, பின்னர் தத்தம் ஊர்களுக்குத் திரும்பும் இடம் பூங்கா. தொற்று அங்கே ஒருவரிடமிருந்து சிலருக்குப் பரவினாலும், அடுத்த இரண்டு வாரங்களில் அது வெவ்வேறு ஊர்களில் தலைகாட்டும். எங்கிருந்து வந்தது எனக் கண்டறிவதும் கடினமாகிவிடும்.

கோவிட்-19 தோன்றுவதற்கு முன்பே இதற்கொரு சான்று உண்டு. 2014 டிசம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள டிஸ்னி பூங்காக்களுடன் தொடர்புடைய தட்டம்மைப் பரவல் ஏற்பட்டது. 2015 பிப்ரவரி முற்பகுதிக்குள் அமெரிக்காவில் 125 பேருக்கு நோய் உறுதியானது. அவர்களுள் 110 பேர் கலிபோர்னியாவைச் சேர்ந்தவர்கள். அந்த 110 பேரில் 49 பேர் தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவர்கள். அந்த 49 பேரிலும் 12 பேர், தடுப்பூசி போடும் வயதையே எட்டாத கைக்குழந்தைகள். தாமாகத் தம்மைக் காத்துக்கொள்ள இயலாதவர்களையே கூட்டத்தில் பரவும் தொற்று கடுமையாகத் தாக்கும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

பூங்காவில் தொற்று எங்கே பரவுகிறது?

கோவிட்-19 போன்ற சுவாசத் தொற்றுகள், பேசும்போதும் இருமும்போதும் உரத்துக் கத்தும்போதும் வெளிப்படும் நீர்த்திவலைகள் வழியாகவும் காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் வழியாகவும் பரவுகின்றன. எனவே, பூங்காவின் எல்லாப் பகுதிகளும் ஒரே அளவு அபாயம் உடையவை அல்ல.

திறந்தவெளி ராட்டினங்கள்: காற்றோட்டம் மிகுதி, சவாரி நேரம் சில நிமிடங்களே. அபாயம் ஒப்பீட்டளவில் குறைவு. எனினும் உரத்துக் கத்துவது நுண்துகள்களை அதிகரிக்கும். இதனாலேயே 2020ஆம் ஆண்டில் ஜப்பானியப் பூங்காக்களின் வழிகாட்டுதல்கள், ரோலர் கோஸ்டரில் செல்வோர் கத்துவதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொண்டன.

வரிசைகள்: ஒரு சவாரிக்காக நீண்ட நேரம் அருகருகே நிற்க நேரிடுகிறது. சவாரியைவிடக் காத்திருப்பே பெரும்பாலும் அதிக அபாயம் உடையது.

மூடிய அரங்குகளும் இருட்டறைச் சவாரிகளும்: காற்றோட்டம் குறைவு. முகக்கவசம் அணிந்தாலும் கூட்டம் மிகுந்திருப்பின் இவற்றைத் தவிர்ப்பது நன்று.

உணவகங்கள்: உண்ணும்போது முகக்கவசத்தைக் கழற்றியாக வேண்டும். குளிரூட்டப்பட்ட உணவகத்தைவிட மரத்தடியில் அமர்ந்து உண்பதே பாதுகாப்பானது.

நீர் விளையாட்டுகள்: முறையாகக் குளோரின் கலக்கப்பட்ட நீரின் வழியே கோவிட்-19 பரவுவதில்லை. உடைமாற்றும் அறைகளிலும் குளத்தின் விளிம்பிலும் கூடும் நெரிசலே கவலைக்குரியது. நீரில் நனைந்த முகக்கவசம் பயன்படாது, மூச்சுவிடவும் இடையூறாகும்.

பயணம்: சன்னல்கள் மூடப்பட்ட வேனிலோ பேருந்திலோ பிறருடன் இரண்டு மணி நேரம் செல்வது, பூங்காவில் செலவிடும் நேரத்தைவிட அதிக அபாயத்தை விளைவிக்கலாம். இதைப் பலரும் கணக்கில் கொள்வதில்லை.

நுழைவாயிலில் உடல் வெப்பநிலையைச் சோதிப்பது காய்ச்சல் உள்ளவர்களை மட்டுமே கண்டறியும். அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள்கள் முன்பே ஒருவர் தொற்றைப் பரப்பக்கூடும் என்பதால், அச்சோதனையை மட்டும் நம்புதல் கூடாது.

கோவிட்-19 காலத்தில் நாடுகள் எவ்வாறு முடிவெடுத்தன?

ஒரே நிறுவனத்தின் பூங்காக்களே வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு காலங்களில் திறக்கப்பட்டன. ஷாங்காய் டிஸ்னிலாந்து 2020 ஜனவரி 25 அன்று மூடப்பட்டு, மே 11 அன்று மிகக் குறைந்த பார்வையாளர்களுடன் திறக்கப்பட்டது. ஹாங்காங் பூங்கா ஜூன் 18 அன்று திறக்கப்பட்டு, தொற்று மீண்டும் உயர்ந்ததால் ஜூலை 15 அன்று மறுபடியும் மூடப்பட்டது.

அமெரிக்காவின் புளோரிடாவில் ஜூலை 11 அன்று டிஸ்னி பூங்காக்கள் திறக்கத் தொடங்கின. மறுநாள் அம்மாநிலம் சுமார் 15,300 புதிய தொற்றாளர்களை அறிவித்தது. பூங்காக்களில் முகக்கவசமும் முன்பதிவும் கட்டாயமாக இருந்தன. பூங்காவைக் காரணமாகக் கொண்ட பெரும்பரவல் ஏதும் அப்போது அறிவிக்கப்படவில்லை. ஆயினும் பார்வையாளர்கள் பல ஊர்களுக்குக் கலைந்து செல்வதால், பரவல் அறிவிக்கப்படவில்லை என்பதை மட்டும் கொண்டு பரவலே இல்லை என முடிவுகட்ட இயலாது.

கலிபோர்னியா வேறு வழியைத் தேர்ந்தது. 2020 அக்டோபரில் அம்மாநிலம் வெளியிட்ட விதிகளின்படி, மாவட்டத்தில் தொற்று மிகக் குறைந்த நிலையை எட்டிய பின்னரே பெரிய பூங்காக்கள் திறக்கப்படலாம். அப்போதும் கொள்ளளவில் 25 விழுக்காட்டினருக்கே அனுமதி. 2021 மார்ச்சில் விதிகள் தளர்த்தப்பட்டன. அங்குள்ள டிஸ்னிலாந்து 2021 ஏப்ரல் 30 அன்றுதான் திறக்கப்பட்டது. அதற்கு முன், 2021 ஜனவரியில் அதன் வாகன நிறுத்துமிடம் தடுப்பூசி மையமாகச் செயல்பட்டது.

இந்தியாவில், நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கு வெளியே உள்ள பூங்காக்கள் 2020 அக்டோபர் 15 முதல் திறக்கப்பட அனுமதிக்கப்பட்டன. மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிமுறைகள் ஆறடி இடைவெளி, முகக்கவசம், இருக்கைகளையும் கைப்பிடிகளையும் அடிக்கடி தூய்மைப்படுத்துதல் ஆகியவற்றை வலியுறுத்தின. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், இணைநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 10 வயதுக்குட்பட்ட குழந்தைகள் வீட்டிலேயே இருக்குமாறு அறிவுறுத்தப்பட்டனர். பூங்காவைத் திறந்த அதே ஆணையின் காலத்திலேயே, யார் செல்ல வேண்டாம் என்பதும் சொல்லப்பட்டிருந்தது. பலரும் முதற்பகுதியை மட்டுமே நினைவில் கொண்டனர்.

நெடுங்காலம் மூடியே வைத்திருக்கலாகாதா?

மூடுவதற்கும் விலை உண்டு. 2020 செப்டம்பரில் டிஸ்னி நிறுவனம் மட்டும் அமெரிக்காவில் சுமார் 28,000 பணியாளர்களைக் குறைப்பதாக அறிவித்தது. ராட்டினம் இயக்குபவர், தூய்மைப் பணியாளர், வாயிலில் சிற்றுண்டி விற்பவர் ஆகியோரின் வருமானம் நின்றால், அவர்கள் வீட்டு நோயாளியின் மருந்துச் செலவும் தடைபடும். வீட்டிலேயே அடைபட்ட குழந்தைகளின் மனநலமும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆகவே, காலவரையின்றி மூடுவதும் எவ்விதக் கட்டுப்பாடும் இன்றித் திறப்பதும் சரியான வழிகள் அல்ல.

திறக்கும் முன் நான்கு கூறுகள் கவனிக்கப்பட வேண்டும்: அப்பகுதியில் புதிய தொற்றுகள் தொடர்ந்து குறைகின்றனவா, பரிசோதனைகள் போதிய அளவில் நடைபெற்று, தொற்று உறுதியாகும் விகிதம் தாழ்ந்துள்ளதா, மருத்துவமனைகளில் ஆக்சிஜன் படுக்கைகளும் தீவிர சிகிச்சைப் படுக்கைகளும் காலியாக உள்ளனவா, தொற்று மீண்டும் உயர்ந்தால் உடனே மூடுவதற்கான ஏற்பாடு உள்ளதா. நான்காவது கூறு இன்றியமையாதது. மீண்டும் மூடத் தயங்காத இடத்தில்தான் திறப்பது பாதுகாப்பாகும்.

யார் செல்வதைத் தவிர்க்க வேண்டும்?

• புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுபவர்கள்
• உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்கள்
• டயாலிசிஸ் பெறுபவர்கள்
• கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய், இதய நோய், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள்
• முதியவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள்
• காய்ச்சல், இருமல், தொண்டைவலி உள்ள எவரும்

தடுப்பூசி கடும் நோயையும் இறப்பையும் பெருமளவு குறைக்கிறது. ஆயினும் உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்களிடம் அதன் பயன் குறைவாக இருக்கக்கூடும். தடுப்பூசி போட்டுக்கொண்டதாலேயே கூட்டத்தில் கலந்துகொள்ளலாம் என அவர்கள் கருதுதல் கூடாது.

வீட்டில் நோயாளி இருக்கையில் மற்றவர்கள் செல்லலாமா?

மருத்துவமனையில் நாங்கள் மிகுதியாக எதிர்கொள்ளும் கேள்வி இது. ஒரு பிள்ளை இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறது. நலமாக உள்ள மற்றொரு பிள்ளை, பள்ளி நண்பர்களுடன் பூங்காவுக்குச் செல்ல விரும்புகிறது. ஏற்கெனவே பல மாதங்களாகத் தன் விருப்பங்களை அப்பிள்ளை விட்டுக்கொடுத்திருக்கும். அதற்கும் மகிழ்ச்சி தேவை என்பதில் ஐயமில்லை.

இத்தகைய சூழலில் முதலில் சிகிச்சையளிக்கும் மருத்துவரிடம் பேசுங்கள். இரத்த வெள்ளணுக்களின் எண்ணிக்கை குறைந்திருக்கும் நாள்களிலும், தொற்று உயர்ந்துவரும் வாரங்களிலும் பூங்காவைத் தள்ளிப்போடுங்கள். மறுப்பதாகச் சொல்லாமல், தள்ளிப்போடுவதாகக் காரணத்தோடு சொன்னால் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். அதிகாலைக் கடற்கரை, ஊருக்கு வெளியே தோப்பு போன்ற கூட்டமற்ற திறந்தவெளிக்கு அழைத்துச் செல்வது நல்ல மாற்று.

டயாலிசிஸ் பெறுபவரின் குடும்பத்தினர் மற்றொன்றையும் எண்ணிப்பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து அவருக்குத் தொற்றினால், வழக்கமான கூடத்தில் டயாலிசிஸ் பெற இயலாமல் தனி ஏற்பாடு தேவைப்படும். அந்தத் தாமதமே அவர் உயிருக்கு ஆபத்தாகலாம்.

சென்றே ஆக வேண்டுமெனில்

• வார நாளில், காலையில் செல்லுங்கள். பண்டிகை, விடுமுறை நாள்களைத் தவிர்த்திடுங்கள்.
• மூக்கும் வாயும் முழுமையாக மூடும்படி முகக்கவசம் அணியுங்கள். மாற்று முகக்கவசங்களை எடுத்துச் செல்லுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முகக்கவசம் அணிவித்தல் கூடாது.
• திறந்தவெளிச் சவாரிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். உணவையும் குடிநீரையும் வீட்டிலிருந்து கொண்டுசெல்ல அனுமதி உண்டா எனக் கேட்டறியுங்கள்.
• உண்ணும் முன் சோப்பினால் கைகளைக் கழுவுங்கள்.
• வீடு திரும்பியதும் குளித்து உடை மாற்றுங்கள். கோவிட்-19 தொற்றின் அறிகுறிகள் தோன்ற 2 முதல் 14 நாள்கள் ஆகலாம். அந்நாள்களில் நோயாளியின் அருகில் செல்லும்போது முகக்கவசம் அணியுங்கள். அறையின் சன்னல்களைத் திறந்து வையுங்கள். இயன்றால் பராமரிப்புப் பணியை வேறொருவர் மேற்கொள்ளட்டும்.

எப்போது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்?

மூச்சுத் திணறல், நெஞ்சில் தொடர் வலி அல்லது அழுத்தம், குழப்பநிலை, எழுப்ப முடியாத அளவு மயக்கம், உதடு நீலநிறமாதல், ஆக்சிஜன் அளவு 94 விழுக்காட்டுக்குக் கீழ் குறைதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தாமதிக்க வேண்டாம். கீமோதெரபி பெறுபவருக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால், வேறு அறிகுறி இல்லாவிடினும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவசர ஊர்திக்கு 108 எண்ணை அழையுங்கள். தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.

நிறைவாக

பூங்காவைத் திறக்கும் ஆணை, ஊர் முழுவதையும் எண்ணி இடப்படுகிறது. உங்கள் வீட்டுக் கட்டிலில் படுத்திருப்பவரை எண்ணி முடிவெடுக்கும் பொறுப்பு உங்களுடையது. ராட்டினம் அடுத்த ஆண்டும் சுழலும். அதைக் காண வீட்டில் உள்ள அனைவரும் சேர்ந்து செல்லும் நாள் வரும் வரை காத்திருப்பதில் இழப்பு ஏதுமில்லை. ஐயம் எழும்போதெல்லாம் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையோ, சிகிச்சையளிக்கும் மருத்துவரையோ அணுகிக் கேளுங்கள்.