விபத்தில் தவறு யார் மீது? கார் இன்சூரன்ஸ் பிரீமியம் கூடுவது எதனால்?

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ காரில் போகும்போது, நெல் ஏற்றிய டிராக்டர் உரசிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். "தவறு அவர் மேல்தானே, நம் பிரீமியம் ஏன் கூட வேண்டும்?" என்று நினைப்போம். ஆனால் கணக்கு வேறு.

மூன்றாம் நபர் காப்பீடு: சட்டப்படி கட்டாயம். காருக்கான பிரீமியத்தை என்ஜின் திறனைப் பொறுத்து மத்திய அரசு நிர்ணயிக்கிறது. விபத்தில் தவறு யாருடையது என்பதால் இது மாறாது. அந்தத் தவறைத் தீர்மானித்து இழப்பீடு வழங்குவது மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்.

சொந்த சேதக் காப்பீடு: 'நோ கிளைம் போனஸ்' சலுகை இதில்தான் உண்டு. கிளைம் இல்லாத ஆண்டுகளுக்கு வரிசையாக 20, 25, 35, 45, 50 சதவீதம் தள்ளுபடி. நம் காரைப் பழுதுபார்க்க நம் பாலிசியில் கிளைம் செய்தால், தவறு எதிராளியுடையது என்றாலும் போனஸ் பொதுவாகப் போய்விடும்.

உதாரணமாக, சொந்த சேத பிரீமியம் 10,000 ரூபாய், போனஸ் 50 சதவீதம் என்றால் நாம் கட்டுவது 5,000. கிளைம் செய்தபின் மீண்டும் 50 சதவீதத்தை எட்டும்வரை 5,000, 3,000, 2,500, 1,500, 500 என மொத்தம் 12,500 ரூபாய் கூடுதலாகக் கட்ட நேரிடும். எனவே 4,000 ரூபாய்ப் பழுதை நாமே சரிசெய்வது லாபம். பெரிய சேதத்துக்குத் தயங்காமல் கிளைம் செய்யலாம்.

பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் போனஸ் போய்விடும். யாருக்காவது காயம் ஏற்பட்டால் சாலையிலேயே பேசி முடிக்காமல், காவல் நிலையத்துக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் உடனே தெரிவிப்போம். காயமடைந்தவர் கேட்கும் இழப்பீட்டால் நம் போனஸ் குறையாது.