ருடால்ஃப் டீசல் நினைவு நிமிடம்

ஜெர்மனியில் பழைய டீசல் கார் வைத்திருந்தவர்களிடம் ஒரு கிண்டல் பேச்சு உண்டு. குளிர்காலக் காலையில் காரில் ஏறி, டேஷ்போர்டில் இருக்கும் குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டு இன்ஜினைக் கிளப்பாமல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கிட்டத்தட்ட ஒரு நிமிடம்! அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ருடால்ஃப் டீசல் நினைவு நிமிடம்'. 1913 செப்டம்பரில் ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குப் போன கப்பலிலிருந்து மறைந்துபோன அந்த மனிதருக்கு, கார்க்காரர்கள் தினமும் மௌன அஞ்சலி செலுத்துகிறார்களாம்.

எதற்காகக் காத்திருந்தார்கள்? க்ளோ பிளக் சூடாவதற்காக. நம்மூர் மெக்கானிக்குகள் பலர் ஹீட்டர் பிளக் என்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், டீசலின் மூல யோசனையில் இப்படி ஒரு பொருளே கிடையாது. காற்றை நன்றாக அழுத்தினால் அது சூடாகும், அதில் எரிபொருளைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும், தீப்பொறி தேவையில்லை. 1897-ல் ஆக்ஸ்பர்க்கில் ஓடிக்காட்டிய இன்ஜின் அப்படித்தான் ஓடியது. ஆனால் அது ஆள் உயரத்தைத் தாண்டிய ராட்சசன். எரிபொருளை உள்ளே தள்ளவே தனியாக ஒரு காற்று கம்ப்ரஸர் வேண்டும். அதைக் காரில் எங்கே வைப்பது?

இதற்கு வழி கண்டவர் பென்ஸ் கம்பெனியின் ப்ராஸ்பர் லோராஞ்ச். 1909-ல் அவர் காப்புரிமை பெற்ற முன்னறை என்பது சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி அறை. டீசல் முதலில் அங்கே பற்றி, அந்த வேகத்தில் சிலிண்டருக்குள் பாயும். கம்ப்ரஸர் தேவையில்லாமல் போனது, இன்ஜின் சின்னதானது. கூடவே ஒரு தலைவலியும் வந்தது. அறை கூடினால் உலோகச் சுவரும் கூடும். காலையில் ஜில்லென்று இருக்கும் அந்தச் சுவர், அழுத்தத்தால் பிறந்த சூட்டை உறிஞ்சிவிடும். டீசல் பற்றாது. அந்தச் சூட்டைக் கடன் கொடுக்க வந்ததுதான் க்ளோ பிளக்.

1936-ல் பெர்லின் கண்காட்சிக்கு வந்த மெர்சிடிஸ் 260 டி இந்த ஏற்பாட்டோடு வந்த கார். 45 குதிரைத்திறன்தான், ஆனால் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 9 லிட்டர் போதும். அதே அளவு பெட்ரோல் கார் 13 லிட்டர் குடிக்கும். டாக்ஸிக்காரர்கள் கணக்குப் போட்டு வாங்கினார்கள். அப்படிப்பட்டவருக்குக் காலையில் வண்டி கிளம்பவில்லை என்றால் அன்றைய வரும்படி போச்சு.

அந்தக் காலத்து பிளக், வெறும் தடித்த கம்பிச் சுருள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு வோல்ட் போதும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கோத்து, மிச்ச வோல்டேஜை ஒரு ரெசிஸ்டரில் எரித்தார்கள். திருவிழா சீரியல் செட் தெரியும்தானே? ஒரு பல்பு போனால் வரிசையே அணைந்துவிடும். இங்கேயும் அதே கதை. ஒரு சுருள் அறுந்தால் நான்கும் செத்தன.

ஆனால் அந்த ஏற்பாட்டிடம் ஒரு நேர்மை இருந்தது. டேஷ்போர்டில் அதே வரிசையில் ஒரு சின்னச் சுருளையும் கோத்திருந்தார்கள். பிளக் சூடானால் அதுவும் சிவக்கும். சிவக்கவில்லையா, எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. சட்டென்று அளவுக்கு மீறிச் சிவக்கிறதா, எங்கோ ஷார்ட். பிறகு ஒரு ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு பிளக்கின் இரு முனைகளையும் சேர்த்துத் தொட்டுப் பார்த்தால் போதும். எதைத் தொடும்போது டேஷ்போர்டுச் சுருள் சிவக்கிறதோ, அதுதான் குற்றவாளி. மீட்டர்கூட வேண்டாம்!

1970-களில் பென்சில் போன்ற புது பிளக் வந்தது. எஃகு உறைக்குள் சுருள், சுற்றிலும் மெக்னீசியம் ஆக்சைடு பொடி. ஒவ்வொன்றுக்கும் பேட்டரியின் முழு வோல்டேஜும் தனித்தனியாக, அதாவது பேரலலாக. காத்திருப்பு சில விநாடிகளாகச் சுருங்கியது. 1980-ல் மெர்சிடிஸின் டபிள்யூ123 டீசல்களும் இதற்கு மாறின. நினைவு நிமிடத்துக்கே அஞ்சலி!

இப்போது ஒரு பிளக் செத்தாலும் மற்ற மூன்றும் வேலை செய்தன. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பழுது ஒளிந்துகொள்ளக் கற்றுக்கொண்டது இங்கேதான். வண்டி கிளம்பும், முதல் அரை நிமிடம் நொண்டும், வெள்ளைப் புகை தள்ளும், பிறகு சரியாகிவிடும். டேஷ்போர்டில் இருந்த நிஜச் சுருள் போய், மஞ்சள் விளக்கு வந்தது. பல கார்களில் அது வெறும் டைமர் சொல்வதைத்தான் காட்டியது. பிளக் உயிரோடு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. சென்னை வெயிலில் ஓடும் வண்டியில் ஒரு பிளக் செத்து மாதக்கணக்கானாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஊட்டிக்குப் போய் ஓர் இரவு நிறுத்தினால் தெரியும்.

ஆகவே மெக்கானிக்கின் வேலையும் மாறியது. பிளக்கின் ஒயரைக் கழற்றி, டெஸ்ட் லாம்பின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, மறுமுனையால் பிளக்கின் தலையைத் தொட வேண்டும். எரிந்தால் சுருள் இருக்கிறது. எல்லா பிளக்கும் ஒரே நேரத்தில் செத்ததுபோல் தெரிந்தால் பிளக்கைச் சந்தேகிக்கக் கூடாது. ரிலேயையும் ஃபியூஸையும் பார்க்க வேண்டும். டபிள்யூ123-ல் அது 80 ஆம்பியர் தகடு ஃபியூஸ். கண்ணுக்கு முழுசாகத் தெரியும், மயிரிழை விரிசல் விட்டிருக்கும். துருப்பிடித்த இணைப்பு இன்னும் மோசம். ஒயரைக் கழற்றி வைத்து அளந்தால் மீட்டர் 12 வோல்ட் என்று சத்தியம் செய்யும். பிளக்கை மாட்டி, பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்க விட்டால்தான் வோல்டேஜ் சரிவது தெரியும். சும்மா அளந்துவிட்டு நல்ல பிளக்குகளைத் தூக்கிப் போட்டவர்கள் ஏராளம்.

1990-களுக்குப் பிறகு முன்னறை மெல்ல மறைந்து, டீசல் நேரடியாக சிலிண்டருக்குள் பாயும் இன்ஜின்கள் வந்தன. பிளக் மட்டும் போகவில்லை. கிளம்பிய பிறகும் கொஞ்ச நேரம் எரிந்து புகையையும் சத்தத்தையும் குறைக்கும் கூடுதல் வேலை அதற்குக் கிடைத்தது. இன்றைய கண்ட்ரோல் யூனிட் பல கார்களில் ஒவ்வொரு பிளக்கின் கரண்டையும் தனியாகக் கவனிக்கிறது. பி0671 என்று கோடு வந்தால் முதல் சிலிண்டர், பி0672 என்றால் இரண்டாவது.

ஸ்க்ரூடிரைவர் காலத்தைப் போலவே இப்போதும் குற்றவாளி ஒரு நிமிடத்தில் மாட்டிக்கொள்கிறான். வெளியே எடுப்பதுதான் பாடு. பழைய பிளக்கின் மரை 18 மில்லிமீட்டர். இன்று பலவற்றில் 8 மில்லிமீட்டர்தான். கரி பிடித்து இறுகிய அதை அவசரப்பட்டுத் திருகினால் பாதி கையோடு வரும், மீதி சிலிண்டர் ஹெட்டிலேயே தங்கிவிடும். அப்புறம் பில்லில் பிளக்கின் விலைதான் ஆகச் சின்ன தொகை.