கொம்பு ஈ: மருந்துக்கு மசியாத பூச்சியின் வரலாறு

1914ஆம் ஆண்டில் ஆக்சல் மெலாண்டர் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் ஒரு கேள்வியை எழுப்பினார். தெளிக்கும் மருந்தை எதிர்த்து நிற்கும் திறன் பூச்சிகளுக்கு வருமா என்பதே அது. வாஷிங்டன் மாநிலப் பழத்தோட்டங்களில் சான் ஜோஸ் செதில் பூச்சிகள் கந்தகச் சுண்ணாம்புக் கரைசலுக்குச் சாகாமல் நின்றதை அவர் கண்டிருந்தார். பழத்தோட்டத்தில் எழுந்த அந்தக் கேள்வி, பல ஆண்டுகளுக்குப் பின் மாட்டுப் பண்ணைகளுக்கும் வந்து சேர்ந்தது.

கொம்பு ஈ என்பது எது?

வீட்டு ஈயில் ஏறக்குறைய பாதி அளவே உள்ள இந்த ஈ, ஐரோப்பாவிலிருந்து 1880களில் அமெரிக்காவுக்கு வந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஹவாய் தீவுகள் வரை பரவிவிட்டது. ஆண், பெண் இரண்டுமே இரத்தம் குடிக்கும். இரவும் பகலும் மாட்டின் உடலிலேயே தங்கி, ஒரு நாளில் இருபது முறைக்கு மேல் கடிக்கும். முட்டையிட மட்டும் இறங்கும். அதுவும் அப்போதுதான் போட்ட சாணத்தில். வெப்பமான காலத்தில் இரண்டு வாரங்களுக்குள் அடுத்த தலைமுறை பறக்கத் தொடங்கிவிடும். கடி தாங்காத மாடு மேய்ச்சலை விட்டு வாலையும் தலையையும் வீசிக்கொண்டே இருக்கும். எடையும் பாலும் குறையும்.

டிடிடியின் காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிடிடி பண்ணைகளுக்கு வந்தது. தொடக்கத்தில் அது அற்புத மருந்தாகவே தோன்றியது. ஆனால் 1946லேயே சுவீடனில் வீட்டு ஈக்கள் டிடிடியைத் தாங்கத் தொடங்கின. 1950களின் இறுதியில் டெக்சாஸ் மாநிலக் கொம்பு ஈக்களும் அதே வழியில் சென்றன.

காது வில்லை

1980 வாக்கில் புதிய தீர்வு ஒன்று வந்தது. பைரித்ராய்டு மருந்து கலந்த பிளாஸ்டிக் வில்லையை மாட்டின் காதில் மாட்டிவிட்டால், மருந்து மெல்லக் கசிந்து உடலெங்கும் பரவும். மாதக்கணக்கில் மறுபடி மருந்து தெளிக்க வேண்டியதில்லை. ஈக்கள் ஏறக்குறைய முழுவதுமாக ஒழிந்தன. பண்ணையாளர்கள் பலரும் அதையே மாட்டினார்கள். ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வில்லை மாட்டிய மாடுகளின் மேலும் ஈக்கள் மொய்த்தன!

எப்படி நடந்தது?

தனி ஒரு ஈ மருந்துக்குப் பழகிக்கொள்வதில்லை. பல்லாயிரம் ஈக்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே மரபணு மாற்றம் இருக்கும். பைரித்ராய்டு ஈயின் நரம்பிலுள்ள சோடியம் வாயிலைத் தாக்குகிறது. அந்த வாயிலின் அமைப்பு சற்று மாறியிருந்தால் மருந்து சரியாகப் பற்றாது. டிடிடி தாக்குவதும் அதே வாயிலைத்தான். எனவே இந்த ஒரு மாற்றமே இரண்டு மருந்துகளிலிருந்தும் ஈயைக் காக்கும். மற்றவை மடிய, தப்பியவை மட்டும் பெருகின. இந்த ஈ பெரும்பாலும் மாட்டை நம்பியே வாழ்கிறது. ஆகவே எல்லா மாட்டுக்கும் வில்லை மாட்டியபோது, மருந்து படாத ஈக்கள் மிஞ்சவில்லை. பருவம் முடிந்த பிறகும் கழற்றாமல் விட்ட பழைய வில்லைகள், குறைந்த அளவு மருந்தைக் கசியவிட்டு நிலைமையை மேலும் கெடுத்தன.

கற்ற பாடங்கள்

இதன் பின்னரே எதிர்ப்புத்திறனைக் கட்டுப்படுத்தும் முறைகள் உருவாயின:

1. ஒரு மாட்டில் ஏறக்குறைய 200 ஈக்கள் சேரும் வரை மருந்தைத் தொடாமல் இருப்பது.
2. பைரித்ராய்டு, ஆர்கனோபாஸ்பேட் என்று வேறுபட்ட முறையில் செயல்படும் மருந்துகளை ஆண்டுக்கு ஆண்டு மாற்றுவது. பெயரை மட்டும் மாற்றி அதே வகையை வாங்கினால் பயனில்லை.
3. பருவ முடிவில் வில்லைகளைக் கழற்றிவிடுவது.
4. மருந்தில்லா வழிகளையும் சேர்ப்பது. மாடுகள் நடந்து செல்லும்போது ஈக்களைப் பிடிக்கும் கூண்டுப் பொறியை வில்லிஸ் புரூஸ் 1930களிலேயே வடிவமைத்திருந்தார். ஆஸ்திரேலியாவில் ஜார்ஜ் போர்னமிஸா 1960களில் சாண வண்டுகளைக் கொண்டுவரும் திட்டத்தைத் தொடங்கினார். சாணம் விரைவில் மண்ணுக்குள் போனால், அங்குள்ள எருமை ஈ போன்றவற்றுக்கு வளர இடம் குறையும்.

கொம்பு ஈ 1991ல் அர்ஜென்டினாவை எட்டியது. அங்கும் பைரித்ராய்டையே பெரிதும் நம்பினர். சில ஆண்டுகளில் அங்கும் எதிர்ப்புத்திறன் தோன்றியது. ஒரு நாடு பட்ட அனுபவம் அடுத்த நாட்டைக் காப்பாற்றவில்லை.

மருந்தின் வீரியம் ஊர்ப் பொதுக் குளத்து நீரைப் போன்றது. ஒரு பண்ணையில் தப்பிய ஈ அடுத்த பண்ணைக்கும் பறக்கும் என்பதால், அளவோடு பயன்படுத்துவது ஒருவர் மட்டும் செய்து முடிக்கும் காரியமல்ல. அக்கம்பக்கத்துப் பண்ணையாளர்கள் சேர்ந்து செய்ய வேண்டியது.