வானலைகள் யாருக்கு உரியவை? 1995 தீர்ப்பும் கிரிக்கெட் ஒளிபரப்பு வணிகமும்

இந்தியக் கிரிக்கெட்டின் செல்வப் பெருக்கத்தை விளக்குவோர் 1983 உலகக் கோப்பை வெற்றியிலிருந்தோ 1991 பொருளாதாரச் சீர்திருத்தத்திலிருந்தோ தொடங்குவது வழக்கம். அப்பெருக்கத்திற்குத் தடையாக நின்ற சட்டம் எவ்வாறு விலகியது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

1993 நவம்பரில் வங்காளக் கிரிக்கெட் சங்கம் தன் வைரவிழாவையொட்டி ஹீரோ கோப்பைப் போட்டிகளை நடத்தியது. ஒளிபரப்பு உரிமையை டிரான்ஸ் வேர்ல்டு இன்டர்நேஷனல் என்னும் வெளிநாட்டு நிறுவனத்திற்கு அது அளித்தபோது தூர்தர்ஷன் எதிர்த்தது. அரசுத்தரப்பு பற்றிநின்றது 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்தை. தந்தி அமைத்து இயக்கும் தனியுரிமையை மைய அரசுக்கு வழங்கும் அதன் 4ஆம் பிரிவு, கம்பிவழிச் செய்திக்காக எழுதப்பட்டது. நூறாண்டு கடந்து, செயற்கைக்கோள் வழிச் செல்லும் ஆட்டக் காட்சிக்கும் அதுவே பூட்டாயிற்று. நிறுவனம் கொண்டுவந்த கருவிகளைச் சுங்கத்துறை தடுத்து வைத்தது. அவற்றை விடுவிக்க உச்சநீதிமன்றமே இடைக்கால ஆணை பிறப்பிக்க நேர்ந்தது.

1995 பிப்ரவரி 9 அன்று வெளியான இறுதித் தீர்ப்பு, வானலைகளைப் பொதுச் சொத்து என அறிவித்தது. செய்தியை வழங்கும் உரிமையோடு பெறும் உரிமையும் அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் உறுப்பில் அடங்கும் என்றும், வானலைகளைத் தன்னாட்சியுடைய பொது அமைப்பே முறைப்படுத்த வேண்டும் என்றும் கூறியது. இத்தீர்ப்பைத் தனியாரின் வெற்றியாக மட்டும் வாசிப்பது பொருந்தாது. தனியார் ஒளிபரப்பு நிலையம் அமைப்பது அடிப்படை உரிமையன்று என நீதிபதி ஜீவன் ரெட்டி தனியே எழுதிய தீர்ப்புரையில் தெளிவுபடுத்தியுள்ளார். தீர்ப்பின் மையத்தில் நின்றவர் பார்வையாளர். ஆனால் அதன் பொருளாதாரப் பயன் உரிமை விற்போரையே பெரிதும் சென்றடைந்தது. 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஊடக உரிமைகள் 48,390 கோடி ரூபாய்க்கு விலைபோயின.

பார்வையாளரை நாடாளுமன்றம் மீண்டும் நினைவுகூர்ந்தது 2007இல். தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததென அறிவிக்கப்பட்ட விளையாட்டுகளின் நேரடி ஒளிபரப்பைப் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்று அவ்வாண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. தொலைக்காட்சி விளம்பர வருவாயில் உரிமையாளருக்குக் குறைந்தது 75 விழுக்காடு. எஞ்சியது பிரசார் பாரதிக்கு. இச்சட்டத்தின் எல்லையையும் உச்சநீதிமன்றமே 2017இல் வரையறுத்தது: பகிரப்படும் ஒளிபரப்பைத் தனியார் கேபிள், டி.டி.எச். நிறுவனங்கள் வழியே கொண்டுசெல்லலாகாது. ஆகவே தரைவழி ஆன்டெனாவோ தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷோ வைத்திருந்த வீட்டில் ஆட்டம் தெரிந்தது. மாதக் கட்டணம் செலுத்திக் கேபிள் பெற்ற பக்கத்து வீட்டில், அதே நேரத்தில், தூர்தர்ஷனில் வேறு நிகழ்ச்சி ஓடியது.