ஒரே நாளில் 40 பஞ்சர்: வொர்க்மன் தம்பதியின் சைக்கிள் பயணம்

ராயபுரத்திலிருந்து பேசுறேன். சைக்கிளில் ஊர் சுற்றும் தம்பதிகளைப் பற்றி ஒரு எபிசோட் வேணும்னு சிலர் கேட்டிருந்தீங்க. கூடாரமும் கேமராவுமா இப்போ கிளம்புற ஜோடிகளைப் பற்றிச் சொல்ல நிறைய பேர் இருக்காங்க. நான் 1897-க்குப் போறேன்.

அந்த வருஷக் கடைசியில் அமெரிக்காவிலிருந்து ஒரு கணவன் மனைவி நம்ம பக்கம் வந்தாங்க. ஃபேன்னி புல்லக் வொர்க்மனுக்கு 38 வயசு, வில்லியம் ஹண்டர் வொர்க்மனுக்கு 50. அவர் டாக்டர். உடம்பு சரியில்லைன்னு 1889-லேயே தொழிலை விட்டவர்! ஏற்கெனவே அல்ஜீரியா, ஸ்பெயின் எல்லாம் சைக்கிளில் முடிச்சிருந்தாங்க. இந்தத் தடவை இலங்கை, ஜாவா, பர்மா, அப்புறம் இந்தியாவின் தென்முனையிலிருந்து இமயமலை வரைக்கும். மொத்தம் 14,000 மைல். அதாவது 22,500 கிலோமீட்டர். 1904-ல் இதைப் புத்தகமாவும் போட்டாங்க.

அப்போ ரயில் இல்லையான்னு கேட்பீங்க. நம்ம ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து 1856-லேயே வாலாஜா ரோடுக்கு ரயில் போயிடுச்சு. ஆனா இவங்களுக்கு வேண்டியது பழைய கோயில்களும் சிற்பங்களும். ரயில் நிற்காத ஊரில் நின்னு பார்க்க சைக்கிள்தான் சரி.

மூட்டையில் தேயிலை, சர்க்கரை, பிஸ்கட், டின்னில் அடைச்ச இறைச்சி, தண்ணி, தலையணை, போர்வை, மருந்து, பஞ்சர் சாமான். ராத்திரி கிடைச்ச இடத்தில் படுக்கை. எலி ஓடும் அறை, கொசு, சில நாள் சாப்பாடே இல்லை. சில நாள் 40 பஞ்சர் வரைக்கும் ஒட்டியிருக்காங்க. சீமைக் கருவேலம் அப்போ இந்த அளவுக்குப் பரவலை, ஆனா வேலமுள்ளுக்குப் பஞ்சமில்லை. டியூபை உருவி, தண்ணியில் முக்கி, குமிழி வர்ற இடத்தைப் பிடிச்சு, தேய்ச்சு, சொல்யூஷன் தடவி ஒட்டணும். ஒண்ணுக்குப் பத்து நிமிஷம்னு வெச்சாலும் 40-க்கு ஆறரை மணி நேரத்துக்கு மேல ஆகும். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கி ஓரமாப் போய், இரும்புத் துண்டு ஏறி இரண்டு பஞ்சர் ஆனாலே எனக்குப் பொறுமை போயிடும்.

ஃபேன்னி கணவனுக்குப் பின்னால் உட்கார்ந்து வரலை. நீளப் பாவாடை கட்டிக்கிட்டுத் தன் சைக்கிளைத் தானே மிதிச்சார். மகன் 1893-ல் இறந்துட்டான். மகளை மத்தவங்க பொறுப்பில் விட்டுட்டு வந்திருந்தாங்க. 'இது ஒரு தாய் செய்யற வேலையா'ன்னு நம்ம வீட்டுப் பெரியவங்க உடனே கேட்பாங்க. அப்பாவை யாரும் கேட்க மாட்டாங்க.

ஏறக்குறைய நூறு வருஷம் கழிச்சு, 1990-களின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் சொல்லிக்கொடுத்தது. பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததும் அவங்க ஆண்கள் சைக்கிளை எடுத்து ஓட்டினாங்க. முன்னால் பார் இருக்கு, குழந்தையை உட்கார வெச்சுக்கலாம்னு சிலர் அதையே விரும்பிக் கேட்டிருக்காங்க. ஃபேன்னியின் கதையைவிட எனக்கு இதுதான் பெருசாத் தெரியுது.

ஃபேன்னியை நான் பாராட்டிக்கிட்டே போக முடியாததுக்கு வேற காரணமும் இருக்கு. 1898 கோடையில் வெயில் தாங்காம இந்தத் தம்பதி இமயமலைக்குப் போனாங்க. அதுக்கப்புறம் மலைப் பித்து பிடிச்சிடுச்சு. 1906-ல் பினாக்கிள் சிகரம் ஏறி, பெண்களில் உயரச் சாதனை படைச்சார். 1912-ல் சியாச்சென் பனிமேல் 'பெண்களுக்கு வாக்குரிமை'ங்கிற வாசகத்தைக் கையில் பிடிச்சு நின்ன போட்டோ பிரபலம். அந்த உயரத்துக்கு மூட்டையைத் தூக்கினது கூலிகள். அவங்க பனியில் நடக்க மறுத்தாலோ, பாதியில் விட்டுட்டுப் போனாலோ, தம்பதி அவங்களைத் திட்டி எழுதினாங்க. அவங்க பயமும் கூலியும் காலில் என்ன இருந்ததுங்கறதும் இவங்களுக்குப் பெரிய விஷயமாப் படலை. ராயபுரத்தில் பாதி வீடுகளில் துறைமுகத்தில் மூட்டை சுமந்த ஒரு தாத்தா இருப்பார். எங்க வீட்டிலும் இருந்தார். அந்தப் பக்கங்களை என்னால வேகமாப் புரட்ட முடியலை.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் சைக்கிள் செஞ்ச ஒரு கம்பெனி ரோவர். பின்னாடி கார் செஞ்ச அதே ரோவர்தான். இங்கிலாந்தில் அப்போ சைக்கிள் செஞ்ச இன்னொரு கம்பெனி என்ஃபீல்ட். 1901-ல் அது மோட்டார் சைக்கிளும் செய்ய ஆரம்பிச்சது. அதோட பெயரில் 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டணியோட என்ஃபீல்ட் இந்தியா வந்து, நம்ம திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. பக்கத்திலேயே, 1946-ல் பலூன் செய்யற கொட்டகையா ஆரம்பிச்ச எம்ஆர்எஃப் டயர் போட ஆரம்பிச்சது. திருவொற்றியூரில் செஞ்ச புல்லட்டில் இன்னைக்கும் ஜோடி ஜோடியா லடாக் போறாங்க. வொர்க்மன் தம்பதி லே ஊரைப் பார்த்தது சைக்கிள் இல்லாம, மலைப்பாதை வழியா.